காற்றின் ஈரத்தில் கரன்ட்: எத்தனை வாட் என்று சொல்லுங்க

பாறசாலை அத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். காற்றில் உள்ள ஈரத்திலிருந்து மின்சாரமாம், இனி கரன்ட் பில்லே கிடையாதாம். கூடவே ‘நம்ம பக்கம் ஈரத்துக்கா பஞ்சம்?’ என்று ஒரு வரி. பஞ்சமில்லைதான். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ஆடி மாதம் கொடியில் போட்ட ரப்பர் ஷீட் நடுவில் வெள்ளை மாறாமலே கிடந்து, கடைசியில் பூஞ்சை பிடித்து கிரேடு இறங்கி, கடைக்காரர் சொன்ன விலைக்குத்தான் போகும்.

வீடியோ முழுப் பொய்யும் இல்லை. மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜுன் யாவ், டெரெக் லவ்லி குழு 2020-இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதியது. ஜியோபாக்டர் என்ற பாக்டீரியாவின் புரத நானோ இழைகளை 7 மைக்ரோமீட்டர் (மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனத்தில் படலமாகப் பூசினார்கள். மேல்பக்கம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், அடிப்பக்கத்துக்கு அவ்வளவாக இறங்காது, இந்த ஏற்றத்தாழ்வில்தான் சுமார் அரை வோல்ட். 2023-இல் இன்னொன்று சொன்னார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது: பாக்டீரியாவே வேண்டாம், 100 நானோமீட்டருக்கும் சிறிய துளைகள் இருந்தால் வேறு பொருளிலும் நடக்கும். அவ்வளவு குறுகலான துளைக்குள் நீர் மூலக்கூறு சுவரில் முட்டி முட்டித்தான் போகமுடியும், முட்டும்போது மின்னேற்றத்தை விட்டுச்செல்லும், மேலே முட்டல் அதிகம், கீழே குறைவு.

சரி, எவ்வளவு வரும்? இதைத்தான் எந்த வீடியோவும் சொல்வதில்லை. 2020 ஆய்வில் சதுர சென்டிமீட்டருக்கு 17 மைக்ரோஆம்பியர். அரை வோல்ட்டோடு அப்படியே பெருக்கினாலும் (நிஜத்தில் இரண்டும் ஒருசேர முழுசாகக் கிடைக்காது) 8.5 மைக்ரோவாட். ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரிய நூறு சதுர மீட்டருக்கு மேல் படலம் வேண்டும். மொட்டைமாடி முழுக்க விரித்து ஒரே ஒரு திண்ணை பல்பு! அங்கே ஒரு சதுர மீட்டர் சோலார் வைத்தால் நல்ல உச்சிவெயிலில் 200 வாட் பக்கம் வரும். அடுக்கடுக்காக வைக்கலாமே என்கிறார்கள், வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் காற்று போய்வர வழி விடணும், அப்புறம் நம்ம ஊர் தூசியும் புகையும் அந்தத் துளைகளை அடைக்காமல் இருக்கணும்.

அதனால் அத்தான், சோலார் போடும் யோசனையை இதற்காகத் தள்ளிப்போடாதீங்க. இதன் பேரில் டீலர்ஷிப், முன்பணம் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்க.

ஆனால் இரவு பகல், மழை மூட்டம் பார்க்காமல் துளித்துளியாக வருவதற்கும் வேலை இருக்கிறது. ஷீட் அடுக்கும் அறையில் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவி, பேட்டரி மாற்றாமல் அந்த ஈரத்திலேயே ஓடுகிறது என்றால், நானே காசு கொடுத்து வாங்குவேன்.