முதல் ஆண்டிலேயே கோப்பையைக் கேட்காதீர்கள்
"ஒரு கால்பந்து அணிக்குப் பெரிய பயிற்சியாளர் வந்தால் முதல் சீசனிலேயே கோப்பை வந்தாக வேண்டும்" என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2015 அக்டோபரில் யூர்கன் க்ளோப் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது ரசிகர்களான எங்களுக்கும் அதே பேராசை இருந்தது. கிடைத்தது என்ன? இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் எட்டாம் இடம், இரண்டு இறுதிப்போட்டிகளில் தோல்வி. ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதியில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஸ்பெயினின் செவில்லா அணிக்கு எதிராக இடைவேளையில் முன்னிலை வகித்து, பிறகு 3-1 எனத் தோற்ற அந்த நள்ளிரவில் நான் தூங்கவே இல்லை. ஆனாலும் அணி ஓடிய விதம் மாறியிருந்தது. பந்தை இழந்த நொடியிலேயே நான்கு பேர் பாய்ந்து அதை மீட்க முனைந்ததைக் கண்ணால் பார்த்தோம். நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. சலா, வான் டைக், அலிசன் போன்ற நட்சத்திர வீரர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் 2019இல், 30 ஆண்டுகள் காத்திருந்த லீக் பட்டம் 2020இல். இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், பயிற்சியாளர் மொரின்ஹோ முதல் சீசனிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு யூரோப்பா லீக் வென்று தந்ததைக் காட்டியிருக்கிறார். உண்மைதான். ஆனால் 2018 டிசம்பரில் அவர் நீக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொறுமையின்மை எங்கள் பக்கமும் இருந்தது: க்ளோப் வந்த அடுத்த மாதமே, எதிரணியான கிரிஸ்டல் பேலஸ் இரண்டாவது கோல் அடித்ததும் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ரசிகர்கள் பலர் எழுந்து வெளியேறினார்கள். தனித்து விடப்பட்டதாக உணர்ந்தேன் என்று அவரே சொன்னார். அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த வருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.