வல்லாரை கப்பலில் வந்ததல்ல

"வல்லாரையை 1860-ல் நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள், உலர்தாவரத் தொகுப்பின் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் இடம்) வரைபடத்தில் அதற்கான புள்ளிகள் குறைவு, ஆகவே அழிகிறது" என்று மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. வல்லாரை தென்னாப்பிரிக்க மண்ணுக்கும் சொந்தம்தான். அதன் பேரினமான (நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழு) சென்டெல்லாவில் பெரும்பாலான இனங்கள் இருப்பதே தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில்தான். தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று!

புள்ளி என்பது செடியின் எண்ணிக்கை இல்லை, அண்ணா. யாரோ அங்கே போய்ப் பறித்து, அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி ஒட்டிய ஒரு தாள். டர்பன் நகரில் 1882-ல் தாவரவியலாளர் மெட்லி வுட் தொடங்கிய தொகுப்பிலும் இப்படிப்பட்ட தாள்கள்தான். சாலையோரங்களில் புள்ளிகள் குவியும், ஏனென்றால் சேகரிப்பவர் போகும் வழி அது. ஈரமான இடமெல்லாம் படர்ந்து கிடக்கும் கீரையை எவர் மெனக்கெட்டு ஒட்டுவார்? அபூர்வச் செடிக்குத்தான் அந்த மரியாதை. குறைகிறதா என்று தெரிய, பழைய தாள் சொல்லும் இடத்துக்கே திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.