.214 மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா?

ஞாயித்துக்கிழமை நம்ம குரூப்ல ஓடுன அந்த மீமை எல்லாரும் பாத்திருப்பீங்க, அதனால மறுபடி இங்க போடல. போட்டவர் பேரையும் சொல்லல. அவரு எனக்கு அண்ணன் மாதிரி, நான் செயின்ட் லூயிஸ் வந்த புதுசுல புஷ் ஸ்டேடியத்துக்கு மொத மொத கூட்டிட்டுப் போனவரே அவர்தான். அதனாலதான் ரெண்டு நாளா மனசு ஆறல. நம்ம கார்டினல்ஸ் பேஸ்பால் டீமோட பழைய பிட்சிங் கோச் (பந்து போடறவங்களுக்கு சொல்லித் தரவரு) டேவ் டங்கன் போட்டோவைப் போட்டு, கீழ பெருசா .214னு எழுதி, "இவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கேக்கறாங்கப்பா"ன்னு ஒரு வரி. ஹால் ஆஃப் ஃபேம்னா கூப்பர்ஸ்டவுன்ல இருக்கற, பேஸ்பால் பெரிய ஆளுங்களை கௌரவிக்கற இடம். அதுக்கு கீழ எத்தனை சிரிப்பு! சிரிச்சவங்கள்ல பாதிப்பேர் 2006லயும் 2011லயும் சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு டவுன்டவுன்ல ஆடுனவங்க. அந்த ரெண்டு வேர்ல்ட் சீரிஸ் கோப்பையும் எப்படி வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அந்த சிரிப்பு வந்திருக்காதுங்க.

.214 உண்மைதான், நான் மறுக்கல. கேட்சரா, அதாவது பேட்டருக்குப் பின்னாடி உக்காந்து பந்து பிடிக்கறவரா, ஆடுன காலத்துல டங்கனோட பேட்டிங் ஆவரேஜ் அதுதான். ஆயிரம் தடவை பேட் பண்ணா 214 ஹிட்டு, கம்மிதான். ஆனா அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கேக்கறவங்க யாரும் பேட்டிங்குக்காக கேக்கலையே! பிட்சிங் கோச்சா அவர் பண்ண வேலைக்காகத்தான் கேக்கறோம். பேட்டிங்கை எடுத்து வச்சுக்கிட்டு கோச்சிங்கை அளக்கறது என்ன நியாயம்?

சரி, தெரியாதவங்களுக்காக சொல்றேன். 1964ல கான்சாஸ் சிட்டி ஏ'ஸ் டீம்ல 18 வயசுல மேஜர் லீக்குக்கு வந்தவரு. டீம் ஓக்லண்டுக்கு மாறுனப்ப கூடவே போனாரு. 1971ல பிட்சர் வைடா ப்ளூ 24 ஆட்டம் ஜெயிச்சு சை யங் (சிறந்த பிட்சர் விருது), எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) ரெண்டும் வாங்குன வருஷம் அந்த டீமோட மெயின் கேட்சர் இவர்தான், ஆல்ஸ்டாரும் ஆனாரு. கேட்ஃபிஷ் ஹன்டர் போட்ட பந்தையெல்லாம் பிடிச்ச கை அது. 1972ல 19 ஹோம் ரன் அடிச்சும் கடைசில இடத்தை ஜீன் டெனஸ்கிட்ட விட்டுட்டு பெஞ்சுல உக்காந்தாரு, ஆனா வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது கேமுக்கு மறுபடி அவரைத்தான் ஸ்டம்புக்கு, மன்னிக்கணும் கிரிக்கெட் பழக்கம், ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி உக்கார வச்சாங்க. ஜெயிச்சாங்க. அடுத்த மார்ச்சுல சம்பளத் தகராறுல கிளீவ்லண்டுக்கு மாத்திட்டாங்க, அப்புறம் பால்டிமோர், 1976ஓட ஆட்டம் முடிஞ்சுது.

இங்கதான் நான் திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் வருது. ஒரு மேட்ச்ல மத்த எட்டுப் பேரும் ஒரு பக்கம் பாத்து நிக்கறாங்க, கேட்சர் மட்டும்தான் எதிர்ப்பக்கம் பாத்து உக்காந்திருக்கான். பிட்சரோட முகம், தோள், கை விடுற இடம், பேட்டரோட கால் எங்க இருக்கு, போன பந்துக்கு இப்ப அரை அடி முன்னாடி வந்துட்டானா, எல்லாமே அவன் கண்ணுக்கு முன்னாடி. பிட்சருக்கு தன் தோள் இறங்கறது தெரியாது, கேட்சருக்குத் தெரியும். பத்து வருஷம் அப்படி குந்தி உக்காந்து பாத்தவனுக்கு பிட்சிங் தெரியாதுன்னா வேற யாருக்குத் தெரியும்? "பந்தே போடாதவன் பந்து போடச் சொல்லித் தரான்"னு அந்த மீம் கீழ ஒருத்தர் எழுதிருந்தாரு. அதைப் படிச்சதும்தான் எனக்கு உண்மையாவே கோவம் வந்துச்சு.

ஏன்னா இது எனக்கு வெறும் டிவில பாத்த விஷயம் இல்ல. என் பொண்ணு சாஃப்ட்பால்ல கேட்சர். போன சம்மர்ல ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், அவ டீம் பிட்சர் பொண்ணு வரிசையா வாக் குடுத்துட்டு (தப்பான பந்தா போட்டு பேட்டரை சும்மா ஃபர்ஸ்ட் பேஸுக்கு விடறது) பேஸ் ஃபுல் ஆனதும் அழ ஆரம்பிச்சிட்டா. இவ டைம் கேட்டுட்டு, மாஸ்க்கை நெத்திக்கு மேல தூக்கிவிட்டுக்கிட்டு, அந்த முட்டிக் கவசத்தோட தடக் தடக்னு நடந்து போயி, பந்தை தன் பேன்ட்ல நல்லா துடைச்சு அவ கைல வச்சு என்னமோ சொன்னா. திரும்பி வந்து உக்காந்தா. கிளவ்வை முன்னாடி வச்ச மாதிரி வைக்காம தரைக்கு ஒட்டி வச்சா. அடுத்த பந்து கீழ வந்துச்சு, பேட்டர் அடிச்சதும் தரையோட உருண்டு பிட்சர்கிட்டயே வந்துச்சு, ஹோமுக்கு ஒண்ணு, ஃபர்ஸ்ட்டுக்கு ஒண்ணு, டபுள் ப்ளே, ரெண்டு பேர் அவுட். எல்லாரும் பிட்சர் பேரைச் சொல்லி கத்துனாங்க. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அப்பா என்கிட்ட "உங்க பொண்ணும் ஒருநாள் பிட்ச் பண்ணுவா, கவலப்படாதீங்க"ன்னாரு. ஆறுதலாம். அவ அதை கேட்டுட்டா. வீட்டுக்கு வர வரைக்கும் கார்ல பேசவே இல்ல. வலது கட்டைவிரல் வீங்கி இருந்துச்சு, பேட்ல உரசி வந்த பந்து பட்டது, அதை யார்கிட்டயும் சொல்லக்கூட இல்ல அவ.

கிளவ்வை கீழ வச்சாளே, அதுதான் டங்கன் வாழ்நாள் பூரா சொன்னது. பந்தை கீழ போடு, மொத பந்தையே ஸ்ட்ரைக் போடு, அவன் தரைல அடிக்கட்டும், பின்னாடி நிக்கற ஃபீல்டருங்க வேலை செய்யட்டும். சிங்க்கர், அதாவது பேட்டர்கிட்ட வரப்ப கீழ இறங்கற பந்தை, போடச் சொல்லுவாரு. கேக்க சாதாரணமா இருக்கும். இதை வச்சு அவரு எத்தனை பேரை மீட்டெடுத்தாருன்னு பாருங்க.

டேவ் ஸ்டூவர்ட். 1986ல ஃபிலடெல்ஃபியா வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. ஓக்லண்டுக்கு வந்தாரு, ஃபோர்க்பாலை (கடைசில டக்குனு கீழ விழற பந்து) தைரியமா போடுன்னு சொன்னவரு டங்கன். 1987லேர்ந்து 1990 வரைக்கும் நாலு வருஷமும் வரிசையா வருஷத்துக்கு 20 ஆட்டத்துக்கு குறையாம ஜெயிச்சாரு. 1989ல நிலநடுக்கம் வந்து நடுவுல நின்னுபோன வேர்ல்ட் சீரிஸ்ல எம்விபி அவருதான். டென்னிஸ் எக்கர்ஸ்லி, 1987ல கப்ஸ் டீம்லேர்ந்து வந்தப்ப ஸ்டார்ட்டரா, அதாவது ஆட்டத்தை ஆரம்பிக்கற பிட்சரா, முடிஞ்சுபோன ஆளுன்னாங்க. கடைசி இன்னிங்ஸ் மட்டும் போடுன்னு டீமை நடத்துன மேனேஜர் டோனி லா ருஸாவும் டங்கனும் உக்கார வச்சு மாத்துனாங்க. 1992ல 51 சேவ் (கடைசில வந்து வெற்றியைக் காப்பாத்தறது), சை யங், எம்விபி. 2004ல அவரு கூப்பர்ஸ்டவுனுக்கும் போயிட்டாரு. பாப் வெல்ச் 1990ல 27 ஆட்டம் ஜெயிச்சு சை யங் வாங்குனாரு, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் 25ஐக்கூட யாரும் தொடல. அதுக்கு முன்னாடி சிகாகோ ஒயிட் சாக்ஸ்ல 1983ல லமார் ஹாய்ட், 24 வெற்றி, சை யங். நம்ம ஊரு கிறிஸ் கார்பென்டர், தோள் ஆபரேஷனுக்கப்புறம் டொரொன்டோ கைவிட்டவரு, 2003 முழுக்க ஆடவே இல்ல, 2005ல 21க்கு 5 (21 வெற்றி, 5 தோல்வி), சை யங். கணக்குப் பாருங்க, மூணு டீம்ல நாலு சை யங். பேட்டிங் ஆவரேஜைப் போட்டு மீம் பண்ண டைம் இருந்தவங்களுக்கு இதைத் தேடிப் படிக்க டைம் இல்லாம போச்சு.

"நல்ல பிட்சர் கிடைச்சாங்க, அவரு அதிர்ஷ்டம்"னு சொல்றவங்க இருக்கீங்க. மேல சொன்ன ஆளுங்கள்ல ஸ்டூவர்ட்டும் கார்பென்டரும் மத்த டீம் தூக்கிப் போட்டவங்க! 2006 ஜெஃப் வீவரை மறந்துட்டீங்களா? ஏஞ்சல்ஸ் டீம்ல 3க்கு 10, தம்பிக்கு இடம் வேணும்னு அண்ணனை வெளிய தள்ளுனாங்க. ஜூலைல இங்க வந்தாரு, அக்டோபர் 27ந் தேதி டெட்ராய்ட்டை முடிச்ச அஞ்சாவது கேம்ல எட்டு இன்னிங்ஸ், ஒம்பது ஸ்ட்ரைக்அவுட். அந்த ராத்திரி நீங்க எல்லாம் கட்டிப்புடிச்சு அழுதீங்களே. அதிர்ஷ்டம் ஒரு தடவை வரும், ரெண்டு தடவை வரும், முப்பது வருஷம் கூடவே வருமா?

"ரிக் ஆன்கியலை கெடுத்தது யாரு"ன்னு அடுத்த கேள்வி வரும், தெரியும். 2000 பிளேஆஃப்ல 21 வயசுப் பையன் ஒரே இன்னிங்ஸ்ல அஞ்சு வைல்ட் பிட்ச், கேட்சர் பிடிக்க முடியாத மாதிரி தப்பான பந்து, போட்டது எனக்கும் தாங்காத விஷயம்தான். ஆனா அன்னிக்கு மெயின் கேட்சர் மைக் மதீனி கையில வெட்டுப்பட்டு கேட்ச் பண்ண முடியாம உக்காந்திருந்ததை ஏன் யாரும் சொல்றதில்ல? ஒரு பையனோட மனசுக்குள்ள நடந்ததுக்கு ஒரு கோச்சை காலம்பூரா தூக்குல போடுவீங்களா? அந்தப் பையனே பின்னாடி பேட்டரா திரும்பி வந்து இதே டீம்ல, இதே ஆளுங்க கூட ஆடுனான்.

ஓக்லண்ட் ஸ்டீராய்டு விவகாரத்தை இழுக்கறவங்களுக்கு, அது பேட்டருங்க சமாச்சாரம்தான் பெரும்பாலும், அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். இப்பல்லாம் மேல நூறு மைல்ல போட்டு ஸ்ட்ரைக்அவுட் எடுக்கற காலம், சிங்க்கர் பழைய பாணிங்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ஆளுங்க வரதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பேட்டருக்கும் எந்த பந்து எங்க போச்சுன்னு சார்ட் எழுதி டக்அவுட்ல கைல வச்சிருந்தவரு டங்கன். இன்னிக்கு டேப்லெட்ல பாக்கறதை அவரு தாள்ல வச்சிருந்தாரு, அவ்ளோதான்.

இதுல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமான விஷயம் வேற. மேனேஜர்னு பேரு இருந்தா கதவு திறக்குது. 2014ல டோனி லா ருஸா, பாபி காக்ஸ், ஜோ டோரி மூணு மேனேஜரும் ஒண்ணா கூப்பர்ஸ்டவுன் போனாங்க. மூணு பேரும் தகுதியானவங்க, சந்தேகமே இல்ல. ஆனா அந்த மூணு பேர் பக்கத்துல உக்காந்திருந்த பிட்சிங் கோச்சுங்க டங்கன், லியோ மஸோனி, மெல் ஸ்டாட்டில்மயர், மூணு பேரும் வெளிய. கோச்சிங்குக்காகன்னு ஒருத்தரைக்கூட உள்ள விட்டதில்ல. டோரியே ஒரு காலத்துல கேட்சர்தானே. 2024ல உள்ள போன ஜிம் லேலண்ட், டெட்ராய்ட் மைனர் லீக்ல கேட்சரா இருந்து மேஜர் லீக்கே வராத ஆளு, அவரு பேட்டிங்கை வச்சு யாரும் மீம் போடலையே? புரூஸ் போச்சி ஒம்பது சீசன் பேக்கப் கேட்சர், நாலு வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச மேனேஜர், அவரை எல்லாரும் கும்பிடறோம். டங்கன் மட்டும் என்ன பாவம் பண்ணாரு? மேனேஜர் ஆகாம கோச்சாவே இருந்துட்டாரு. லா ருஸா கூட சிகாகோ, ஓக்லண்ட், செயின்ட் லூயிஸ்னு 1983லேர்ந்து 2011 வரைக்கும் கூடவே இருந்து, மூணு வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சு, ஒரு தடவைகூட முன்னாடி வந்து நிக்கல.

அப்புறம் இதையும் சொல்லிடறேன், சொல்ல வேண்டாம்னு நினைச்சேன், ஆனா அந்த மீம் கீழ ஒருத்தர் "மகனை டீம்ல வச்சு காப்பாத்துனவரு"ன்னு எழுதுனதுக்கப்புறம் சொல்லாம இருக்க முடியல. கிறிஸ் டங்கன் 2006ல புதுமுகமா வந்து 22 ஹோம் ரன் அடிச்ச பையன். கழுத்து ஆபரேஷனோட ஆடுனான். 2009ல சரியா ஆட முடியலன்னு நம்ம ஸ்டேடியத்துல நம்ம ஜனங்களே கூச்சல் போட்டு அவமானப்படுத்துனாங்க, அப்பா டக்அவுட்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஜூலைல பாஸ்டனுக்கு அனுப்பிட்டாங்க. டங்கன் கோவப்பட்டாரு, வெளிப்படையா பேசுனாரு, ஆனாலும் அடுத்த நாள் வேலைக்கு வந்தாரு. 2011 ஆகஸ்ட்ல மனைவிக்கு மூளைல கட்டின்னு தெரிஞ்சு லீவுல போனாரு, போஸ்ட்சீசனுக்கு திரும்பி வந்தாரு. அந்த அக்டோபர்லதான் கார்பென்டர் ஃபிலடெல்ஃபியால அவங்க பிட்சர் ஹாலடேயை 1க்கு 0னு ஜெயிச்சது. 2013ல மனைவி போயிட்டாங்க. 2019ல அதே மாதிரி நோய்ல கிறிஸ்ஸும் போயிட்டான், 38 வயசு. இந்த மனுஷனைப் பத்தித்தான் நீங்க சிரிச்சீங்க.

நான் உணர்ச்சிவசப்படறேன்னு அண்ணன் இன்பாக்ஸ்ல எழுதிருக்காரு. ஆமாண்ணே, படறேன். நீங்கதான் என்னை அந்த மேல் வரிசை சீட்ல உக்கார வச்சு, "பந்தை பாக்காத, கேட்சர் கிளவ்வை பாரு, அப்பதான் ஆட்டம் புரியும்"னு சொன்னீங்க. அதைத்தான் இத்தனை வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்.

மேனேஜர், எக்ஸிக்யூட்டிவ், அம்பயர்னு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஹால் ஆஃப் ஃபேம் கமிட்டி உக்காந்து ஓட்டு போடறாங்க. அம்பயருக்குக்கூட அந்த லிஸ்ட்ல இடம் இருக்கு. கோச்னு ஒரு வரி சேருங்க, மொத பேரா டங்கனை எழுதுங்க, அவரு 1945ல பிறந்தவரு, அவரு மேடைல நின்னு வாங்கற மாதிரி சீக்கிரம் பண்ணுங்கன்னுதான் கேக்கறேன். இந்தப் பதிவை அந்த குரூப்லயும் போடறேன். அட்மின் தூக்கிட்டா, இங்க இருக்கும், இங்க வந்து பேசுங்க.