திருவனந்தபுரம் மேயர் பதவி: மேலே சொன்னதில் ஒரு திருத்தம்

“வி.கே. பிரசாந்தை மக்களே நேரடியாக மேயராக்கினார்கள், அவர் நினைத்திருந்தால் இருபது வருஷம் இருந்திருப்பார்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

கேரளத்தில் மக்கள் ஓட்டுப் போடுவது வார்டு கவுன்சிலருக்கு மட்டும்தான். மேயரைக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு நேரடி ஓட்டு இருந்தது. ஆனால் 2022-ல் நாகர்கோவில் மேயரும் கவுன்சிலர்கள் ஓட்டில்தான் வந்தார்.

பிரசாந்த் கழக்கூட்டம் வார்டு கவுன்சிலராக இருந்தவர். 2015-ல் மேயரானார். 2019 அக்டோபரில் வட்டியூர்க்காவு இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனதும் மேயர் பதவியை விட்டார். மீதிக் காலத்துக்கு கே. ஸ்ரீகுமார் வந்தார்.

சரி, விலகாமல் இருந்திருந்தால்? அப்போதும் 2020-ல் தொடர்ந்திருக்க முடியாது. அந்த முறை பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் மேயரானார். 2010-லும் அப்படித்தான், கே. சந்திரிகா இருந்தார். ஐந்து வருஷக் காலம், சுழற்சி ஒதுக்கீடு, போதாக்குறைக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே ஆள் நீண்ட காலம் நாற்காலியில் இருப்பது மிகக் கடினம். திறமைக் குறைவு என்று இதைப் படிப்பது நியாயமில்லை.

இன்னொன்று, கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பது ரகசிய வாக்கெடுப்பும் அல்ல. வாக்குச்சீட்டின் பின்புறம் கவுன்சிலர் கையெழுத்துப் போட வேண்டும். மறந்தால் ஓட்டு செல்லாது.