முதல்ல பிழிங்க, அப்புறம் காய வைங்க

அந்த "மரம் வெட்டாத கடதாசி" வீடியோ பத்தித்தான் எழுதுறேன். தோட்டத்துப் பொம்பளைங்க பழைய கடதாசியைக் கூழாக்கி, கையால தாள் செய்யுற ப்ரொஜெக்ட்டோட வீடியோ அது. எல்லாரும் பார்த்திருப்பீங்க, ஆளாளுக்கு ஷெயார் பண்ணி ஹார்ட் போட்டாச்சு. நானும் வாழ்த்து சொல்லித்தான் கொமென்ட் போட்டேன். கூடவே ஒரு வரி: "கூழை அள்ளுற வலை அச்சுல இருந்து எடுத்த தாளை நல்லா அழுத்திப் பிழிஞ்சுட்டுக் காய வச்சா, ஹீட்டர் செலவு மூணுல ஒரு பங்காயிடும்." அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல கொமென்டைக் காணோம். அதுக்குப் பதிலா ஒரு போஸ்ட் வந்துச்சு: "தோட்டத்துப் பொம்பளைங்க முன்னேறினா சிலருக்குப் பொறுக்காது."

சரி, பொறுக்காதவன் பேசுறேன். கேளுங்க.

வீடியோவை நடுவுல நிறுத்திப் பாருங்க. பேசுற பெரியவருக்குப் பின்னால தகரக் கொட்டகை. கயித்துல வரிசையா தாள் தொங்குது. ஒவ்வொரு தாளோட கீழ் ஓரத்துலயும் தண்ணி முத்து முத்தா திரண்டு சொட்டுது, சீமெந்துத் தரையில ஈரத் திட்டு தெரியுது. அதுக்கு நேரா ரெண்டு ஹீட்டர் சிவந்து எரியுது. கையால அமுக்கினா ஓடிப் போற தண்ணியை கரண்ட் பில் கட்டி ஆவியாக்குறாங்க. மேல பேனர்ல "பசுமை"ன்னு எழுதியிருக்கு. அந்த பேனரே பிளாஸ்டிக் ஃபிளெக்ஸ்தான், அதை விடுங்க.

நாரைத் தண்ணியில கரைச்சு, பரப்பி, மறுபடி அந்தத் தண்ணியை எடுக்குறதுதான் கடதாசித் தொழில். பெரிய மில்லுல மெஷினுக்குள்ள போற கரைசல்ல நார் 1 சதவீதம்கூட இருக்காது. அதுல பெரும்பங்கு தண்ணி வலையிலயே இறங்கிடும். வலையை விட்டு வரும்போது நார் 20 சதவீதம் அளவுக்கு வந்திருக்கும். அடுத்து கம்பளியோட சேர்த்து உருளைகளுக்கு நடுவுல அழுத்துவாங்க, 40ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் ஏறும். மிச்சத்துக்குத்தான் உள்ளுக்குள்ள ஸ்டீம் ஓடுற இரும்பு உருளைகள். அந்த மிச்சம், உள்ள வந்த மொத்தத் தண்ணியில 100க்கு 1 பங்கு அளவுதான். ஆனா மெஷின்ல செலவாகுற சூட்டுல பெரும்பங்கை அந்த 1 பங்குதான் தின்னும். கொதிக்கிற 1 கிலோ தண்ணியை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேணும். பசுமைத் திட்டம்னு சொன்னா அதுல தள்ளுபடி எல்லாம் கிடைக்காது.

கணக்கைப் பாருங்க. தாள்ல நார் 40 சதவீதம் இருந்தா, 1 கிலோ நாருக்கு ஒன்றரைக் கிலோ தண்ணி கூட இருக்கு. 45க்குக் கொண்டு வந்தா 1.22 கிலோ. 50ன்னா சரியா 1 கிலோ. 40ல இருந்து 45க்குப் போனாலே ஸ்டீம் வேலை அஞ்சுல ஒரு பங்கு குறையும். அதனாலதான் பிழியுறதுல 1 சதவீதம் கூடினா காய வைக்கிற ஸ்டீம்ல 4 சதவீதம் மிச்சம்னு மில்லுல சொல்லுவாங்க. அந்த 1 சதவீதத்துக்காக அவங்க என்னவெல்லாம் பண்றாங்க தெரியுமா? ரெண்டு உருளை தொடுற இடம் சில சென்டிமீட்டர்தான் வருதுன்னு, ஒரு பக்கம் குழிவான காலணி மாதிரித் தாங்கியை வச்சு 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு அழுத்துறாங்க. பிழியுறதுக்கு முன்னாடி தாள் மேல கொஞ்சம் ஸ்டீம் அடிக்கிறாங்க, தாளோட சூடு 10 பாகை ஏறினா 1 சதவீதம் கூடுதலாப் பிழியலாம்னு. கம்பளிக்குள்ள நார்த்தூள் அடைச்சா தண்ணி போக வழியில்லாம போகும்னு, அதை ஓடும்போதே கழுவி உறிஞ்சுறாங்க.

இப்போ நம்ம வீடியோவுக்கு வருவோம். கையால அச்சுல எடுத்து, வடிய விட்ட தாள்ல நார் 15 சதவீதம்னு வைங்க. அப்போ 1 கிலோ நாருக்கு அஞ்சரைக் கிலோவுக்கு மேல தண்ணி ஆவியாகணும். சூடு கொஞ்சமும் வீணாப் போகலைன்னு வச்சாலும் கிட்டத்தட்ட 4 யூனிட் கரண்ட். தகரக் கொட்டகையில நிறையச் சூடு கூரை வழியாப் போயிடும், அதனால நிஜத்துல இன்னும் கூட. ஆலையில 40 சதவீதத்துக்குப் பிழிஞ்ச தாளுக்கு இதே கணக்குல 1 யூனிட் அளவு சூடுதான். வீடியோவுல வில்லனா காட்டுன "ராட்சத ஆலை"யை விட, உங்க பசுமைக் கடதாசி காய நாலு மடங்கு சூடு குடிக்குது. இதைச் சொன்னவன் பொறாமைக்காரன்.

துணியைப் பிழியாம கொடியில போடுற ஒரு வீடு தோட்டத்து லயத்துல இருக்கா? அதைத்தான் சொன்னேன். முதல்ல பிழிங்க, அப்புறம் காய வைங்க.

இதுக்கு ஜப்பான் மெஷின் ஒண்ணும் வேணாம். லொறிக்கு வைக்கிற 20 தொன் பொட்டில் ஜெக் ஒண்ணு. யூ வடிவ இரும்புல ஒரு சட்டம். வெல்டிங் தெரிஞ்ச ஆளை வச்சு செய்யுங்க, சும்மா ஆணி அடிச்ச மரச்சட்டம்னா பிளந்து ஆளை அடிக்கும். கீழ ஒரு தடிச்ச இரும்புத் தகடு. அது மேல கம்பளித் துண்டு, தாள், கம்பளித் துண்டு, தாள்னு அடுக்கணும். மேலயும் ஒரு தகடு. ஏ3 அளவுத் தாள்னா 20 தொன் விசையில ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோ அழுத்தம் வரும். தாள் எத்தனை அடுக்கினாலும் அழுத்தம் அதேதான், அகலம் கூடினாத்தான் குறையும்.

பண்றதுலதான் விஷயம் இருக்கு. எடுத்த எடுப்புல முழு விசையும் குடுத்தா தண்ணி வெளிய போக வழி தேடி நாரையும் தள்ளிக்கிட்டுப் போகும், தாள் நடுவுல நசுங்கிக் கூழாயிடும். மெதுவா ஆரம்பிங்க. ஓரத்துல ஓடுற தண்ணி குறைஞ்ச பிறகு அடுத்த பம்ப். அடுக்கு அமுங்க அமுங்க ஜெக்கோட விசை இறங்கும், அதனால விட்டுட்டுப் போகாம மறுபடி ஏத்தணும். கால் மணி நேரம் விட்டாப் போதும். ஆனா ஜெக்கைத் தளர்த்தின உடனே தாளைப் பிரிச்சு எடுங்க. சும்மா விட்டா கம்பளியில இருக்குற தண்ணியைத் தாள் திருப்பி உறிஞ்சும், பிழிஞ்சதுல ஒரு பங்கு வீண். காஞ்ச கம்பளி மாத்தி இன்னொரு தடவை அழுத்தினா 35 சதவீதத்தைத் தொடலாம். அப்போ ஆவியாக வேண்டியது 1.86 கிலோ. மூணுல ஒரு பங்குன்னு சொன்னது இதைத்தான். நைலோன் போர்வை வாங்கிடாதீங்க, அது தண்ணியைக் குடிக்காது.

இன்னொண்ணு: நுவரெலியா பக்கத்துத் தண்ணி குளிர்ந்தது, அது கெட்டியா ஓடும், அதனால தாள்ல இருந்து மெதுவாத்தான் வடியும். 15 பாகைத் தண்ணியோட பாகுத்தன்மை 50 பாகைத் தண்ணியை விட ரெண்டு மடங்கு. அதுக்காக ஹீட்டரைத் தண்ணிக்குள்ள போட்டுடாதீங்க. வெயில்ல வச்ச கறுப்பு டேங்க் போதும்.

அந்தப் ப்ரொஜெக்ட்ல வேலை செய்யுற ஒரு அக்கா இன்பொக்ஸ்ல வந்தாங்க. நல்ல தாளுக்குத்தான் கூலி, சுருண்ட தாளுக்கு இல்லையாம். "மலைக் குளிருக்கு அப்படித்தான் சுருளும், கவனமா செய்யுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அக்கா, குளிரும் இல்ல, உங்க கையும் இல்ல. தொங்கவிட்ட தாள்ல ஓரம் முதல்ல காஞ்சு சுருங்கும், நடு ஈரமா நிக்கும், அதனால வளையும். அதோட கூழை வழுவழுப்புக்காக மணிக்கணக்கா அடிக்கச் சொல்லியிருக்காங்க. அடிக்க அடிக்க நார் பிஞ்சு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், வடியவும் லேட், காயும்போது சுருக்கமும் அதிகம். பழைய கடதாசிக்கு ராத்திரி ஊற வச்சு, நார் பிரியிற வரைக்கும் அடிச்சாப் போதும். பிழிஞ்ச தாளைக் கயித்துல போடாம ஃபோர்மைக்கா பலகையில பிரஷ்ஷால ஒட்டிக் காய வைங்க, தட்டையா வரும். சுருண்ட தாளை மறுபடி கூழாக்குறாங்கன்னா, முதல்ல எரிச்ச கரண்ட் முழுக்க வீண். அந்த வீணுக்குக் கூலி வெட்டுறது யாருக்கு? இதுல யாரு யாரோட முன்னேற்றத்தைப் பொறுக்கலைன்னு நீங்களே சொல்லுங்க.

இப்போ வருவாங்க. "பழைய கடதாசியை மறுசுழற்சி பண்றது எப்படியும் நல்லதுதானே?" நல்லதுதான், நான் எங்க இல்லைன்னேன்? ஆனா முழுக் கதையும் தெரிஞ்சுட்டுப் பேசுங்க. மரத்தை ரசாயனத்துல வேக வச்சு கிராஃப்ட் கூழ் எடுக்குற ஆலையில மரத்தோட பாதி கறுப்புச் சாறா வெளிய வரும். அதைச் சுண்ட வச்சு பொய்லர்ல எரிச்சே ஆலைக்கு வேண்டிய ஸ்டீமைப் பெரும்பாலும் எடுத்துடுவாங்க. மறுசுழற்சி ஆலைக்கு எரிக்க அந்தச் சாறு கிடையாது, சூட்டை வெளிய இருந்துதான் வாங்கணும். மொத்தச் சக்தி குறைவுதான், ஆனா வாங்குறது நிலக்கரியா விறகாங்கிறது முக்கியம். விறகுன்னாலும் காஞ்ச விறகா இருக்கணும். 50 சதவீத ஈரம் உள்ள விறகுல கிலோவுக்கு 8 மெகாஜூல், 20 சதவீதம்னா 14. தேயிலை பெக்டரியில அடுப்பு பார்த்த எந்த அண்ணனைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

"நம்ம நாட்டுல மில் எங்க இருக்கு, இதெல்லாம் நமக்கெதுக்கு?" 2022 மார்ச்சில கடதாசி இல்லாம மேல் மாகாணத்துல தவணைப் பரீட்சையையே தள்ளி வச்சாங்க. அதுக்குப் பிறகும் கேக்குறீங்க. வாழைச்சேனை ஆலை வைக்கோல்ல கடதாசி செஞ்ச ஊர்தான் இது. வைக்கோல் பசுமைன்னு இப்போ ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. அதுல சிலிக்கா அதிகம், காஸ்டிக் சோடாவுல வேக வைக்கும்போது கரைஞ்சு வந்து, சாறு சுண்டுற குழாயில கல்லாப் படியும். அதனால சின்ன ஆலைகள் சாறை எரிக்காம ஆத்துலயும் வாவியிலயும் விடப் பார்க்கும். மரம் வெட்டலைங்கிறது மட்டும் சான்றிதழ் ஆகாது.

அப்புறம் ப்ளீச்சிங் பவுடர். வீடியோவுல மூலையில அந்த வெள்ளை மூட்டையைக் கவனிச்சீங்களா? பத்திரிகைத் தாள்ல லிக்னின், அதாவது மரத்துல நாரை ஒட்டி வைக்கிற பொருள், அப்படியே இருக்கு. அதுல குளோரின் போட்டா வெளுக்காது, பழுப்பாத்தான் திரும்பும், கூடவே குளோரின் சேர்ந்த கழிவு ஓடையில போகும். கீழ லயத்துக்காரங்க அந்த ஓடைத் தண்ணியைத்தான் எடுக்குறாங்க. பழுப்புத் தாளை பழுப்பாவே வில்லுங்க. வடிஞ்ச தண்ணியையும் கொட்டாம அடுத்த கூழுக்கே ஊத்துங்க, அதுல நார் இருக்கு.

எனக்கு உண்மையில வலிச்சது வேற ஒரு பதில். "கரண்ட் நம்ம மலையில நீர்மின்சாரம்தானே, அது சுத்தம், அதனால ஹீட்டர் பிரச்சினை இல்லை." நுரைச்சோலையில 900 மெகாவாட் நிலக்கரி எரியுறது தெரியாதா? கம்பியில வர்ற கரண்ட்ல எது மலைத் தண்ணி, எது நிலக்கரின்னு பிரிச்சு எடுக்க முடியாது. அதை விடுங்க. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில பழைய மஸ்கெலியா டவுன் இருக்கு, தண்ணி வத்துற வருஷம் கோயில் வெளிய தெரியும். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தோட 150 மெகாவாட்டுக்காக தலவாக்கலையில என்னென்ன மாறிச்சுன்னு அங்க இருக்கவங்களைக் கேளுங்க. நம்ம மண்ணை மூழ்கடிச்சு எடுத்த கரண்ட்டை, சொட்டுற தாளைக் காய வைக்க எரிச்சுட்டு "சுத்தம்"னு சொல்றதைக் கேக்க எனக்கு ஆகலை. பொறாமைன்னா இதுக்குப் பேர் பொறாமைன்னே வைங்க.

"மழைக்காலத்துல என்ன பண்றது?"ன்னு அந்த அக்காதான் நியாயமா கேட்டாங்க. பெக்டரி மாடியில கொழுந்து வாட்டுறதைப் பாருங்க. எப்பவும் காத்து, மழை நாள்ல மட்டும் கொஞ்சம் சூடு. நீங்க மூடின கொட்டகைக்குள்ள சூடு போடுறீங்க, ஈரக் காத்து வெளிய போக வழியில்ல. 20 பாகையில 1 கிலோ காத்து 15 கிராம் தண்ணிதான் சுமக்கும், 40 பாகையில 49 கிராம் வரை. அது நிரம்பினா, அந்தக் காத்து வெளிய போகாம தாள் காயாது. கீழ ஒரு ஜன்னல், கூரைக்குக் கீழ ஒரு சின்ன ஃபேன், அது காத்தை வெளிய தள்ளணும். ஹீட்டர் ஒண்ணு போதும், அதுவும் பிழிஞ்ச பிறகு.

என்னை நம்ப வேணாம், தராசை நம்புங்க. காஞ்ச பிறகு 100 கிராம் வர்ற அளவு தாளை ஈரமா நிறுத்துப் பாருங்க. பிழியாம 650, 670 கிராம் நிக்கும். ஒழுங்கா பிழிஞ்சா 290க்குப் பக்கம் வரணும். வரலைன்னா ஜெக் விசையையும் கம்பளியையும் பாருங்க. ரெண்டு எண்ணையும் எழுதி அந்த வீடியோவுக்குக் கீழயே போடுங்க அக்கா. போட்டதும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க, அங்க கொமென்ட் ரொம்ப நேரம் நிக்காது.