‘வளர்கிற பிள்ளைதானே’ என்று வாங்கும் தலைக்கவசம்

சென்ற வாரம் உறவினர் ஒருவர், தன் மகன் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பகிர்ந்திருந்தார். பையனுக்கு முகம் நிறையச் சிரிப்பு. குட்டி வீரன், ராஜா என்று ஆளாளுக்கு வாழ்த்தியிருந்தார்கள். என் கண் மட்டும் வேறிடத்துக்குப் போனது. தலைக்கவசம் பின்மண்டைக்குச் சரிந்து நெற்றி முழுவதும் வெளியே தெரிந்தது. தாடை வார் பூட்டப்படாமல் காதோரம் தொங்கியது. காலில் நாடா அவிழ்ந்த ஓட்டக் காலணி, அதுவும் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) கணுக்கால் வரை நுழைந்திருந்தது. “வாரைப் பூட்டுங்கள், காலணியை மாற்றுங்கள்” என்று கீழே எழுதினேன். “சந்தோஷமான நேரத்தில் இப்படியா பேசுவது?” என்று பதில் வந்தது. சரி, அங்கே பேசக் கூடாதென்றால் இங்கே பேசுகிறேன்.

பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. முரட்டுக் குதிரைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படுவதில்லை. “வளர்கிற பிள்ளைதானே, ஓர் அளவு பெரிதாகவே வாங்கிவிட்டோம்” என்று பெற்றோர் பெருமையாகச் சொல்லும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். சட்டையில் அந்தக் கணக்கு சரி. தளர்ந்த தலைக்கவசமோ விழுகிற நொடியில் முன்னே வழிந்து கண்ணை மறைக்கும், அல்லது பின்னே போய் நெற்றியைத் தரையிடம் கொடுத்துவிடும். அடுத்த ஆண்டுக்கான கவசம் இந்த ஆண்டு விழுகிற தலைக்கு எதற்கு உதவும்?

“சின்னக் குதிரைதானே” என்பார்கள். தோள்பட்டை உயரம் 148 சென்டிமீட்டர் வரை உள்ளதையும் மட்டக்குதிரை என்றுதான் சொல்கிறோம். அதன்மேல் உட்கார்ந்த பிள்ளையின் தலை, நின்றுகொண்டிருக்கும் அப்பாவின் தலையைவிட உயரத்தில் இருக்கும். அங்கிருந்து தலைகீழாக வருவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரிய குதிரை என்றால் 450, 500 கிலோ எடை. அது காலை எங்கே வைக்கும் என்பது அதற்கே தெரியாத நேரங்கள் உண்டு.

பொருத்தம் பார்ப்பது பெரிய வித்தையில்லை. அளவுநாடாவைப் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்து, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். ஆனால் அளவு எண் பாதிக் கதைதான். சில தலைகள் உருண்டை, சில தலைகள் நீள்வட்டம். நீள்வட்டத் தலையில் உருண்டைக் கவசத்தை வைத்தால் நெற்றியில் அழுத்தும், காதுப்பக்கம் ஓட்டை விடும். ஆகவே போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். வாரைப் பூட்டாமலேயே பிள்ளையைக் குனிந்து தலையாட்டச் சொல்லுங்கள். கவசம் நழுவக் கூடாது. கையால் மெல்ல அசைத்தால் நெற்றித் தோலும் புருவமும் கூடவே அசைய வேண்டும். பிறகு வார்: தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். பின்னால் திருகு வைத்த கவசங்கள் வருகின்றன, நல்லவைதான். அந்தத் திருகு இருப்பது கடைசி நுணுக்கத்தைச் சரிசெய்ய. அண்ணனின் கவசத்தைத் தம்பிக்குச் சுருக்குவதற்கென்று அதை யாரும் வைக்கவில்லை.

உள்ளே ஒட்டியிருக்கும் முத்திரையையும் படியுங்கள். அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, பிரிட்டிஷ் தரம் பி.ஏ.எஸ். 015, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 3838. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். வெல்வெட் போர்த்திய அழகான தொப்பிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய காலத்து வெல்வெட் தொப்பிகளில் பல, தலையில் இருந்ததே தவிரத் தலையைக் காக்கவில்லை.

“சைக்கிளுக்கு வாங்கிய கவசம் வீட்டில் இருக்கிறதே?” மாதம் ஒருவராவது கேட்டுவிடுவார்கள். சைக்கிள் கவசம் சைக்கிளிலிருந்து விழுபவருக்கானது. குதிரையேற்றக் கவசம் பின்மண்டையை இன்னும் கீழே வரை மூடும். நான் மேலே சொன்ன அமெரிக்கத் தரத்தின் சோதனையில் அதைத் தட்டையான பரப்பின்மீது மட்டும் போடுவதில்லை, கூரான விளிம்பின்மீதும் போட்டுப் பார்க்கிறார்கள். குளம்பும் தடைக்கட்டையின் ஓரமும் அப்படித்தானே இருக்கின்றன?

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கவசத்துக்குள் இருக்கும் பாலிஸ்டிரீன் நுரை, அடி படும்போது தான் நசுங்கித் தலையைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழும்பாது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே செத்துப்போயிருக்கும். அதனால் தலை அடிபட விழுந்தால் அந்தக் கவசத்துக்கு அன்றோடு ஓய்வு. விழாவிட்டாலும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைத்தாலும் அது கெடும். பழைய கவசத்தை இரண்டாம் கையாக வாங்குவதை நான் ஒரேயடியாக மறுப்பேன். சேணத்தைப் பழையதாக வாங்குங்கள், பூட்ஸைப் பழையதாக வாங்குங்கள், கால்சட்டையைக் கடன் வாங்குங்கள். சிக்கனம் பிடிக்க அங்கெல்லாம் இடமிருக்கிறது.

இனி காலுக்கு வருகிறேன். இதில் குற்றவாளி நான்தான்.

பயிற்சி தொடங்கிய இரண்டாம் ஆண்டு. ஒன்பது வயதுச் சிறுமி. பூட்ஸை மறந்து ஓட்டக் காலணியோடு வந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. “சரி, இன்று நடை மட்டும்” என்று ஏற்றிவிட்டேன். குதிரை ஏதோ சத்தத்துக்கு ஒதுங்கியது, அவள் சரிந்தாள், வலது கால் மட்டும் அங்கவடியோடு போனது. நான்கைந்து அடி தூரம் இழுபட்டாள். காலணி தளர்வாக இருந்ததால் கழன்றுகொண்டது. பிள்ளை கீழே, காலணி அங்கவடியில். சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை. தளர்ந்த காலணி அவளைக் காப்பாற்றியது என்று அவளுடைய அப்பா சமாதானம் சொன்னார். இறுகக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

குதிரையிலிருந்து விழுவதைவிட அங்கவடியில் சிக்கி இழுபடுவது பல மடங்கு ஆபத்து. அதைத் தடுக்கத்தான் குதிரையேற்ற பூட்ஸுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத, இரண்டரையைத் தாண்டாத குதிகால் வைக்கிறார்கள். பாதம் முன்னே வழுக்கி முழுதாக நுழைந்துவிடாமல் அது நிறுத்தும். அடிப்பகுதி வழவழப்பாக இருப்பது கால் எளிதில் வெளியே வர. மலையேறும் காலணியின் பல் பதித்த அடிப்பாகம் அங்கவடியைக் கவ்விக்கொள்ளும். நாடா, கொக்கி எல்லாம் அதே வம்புதான். அங்கவடியும் பிள்ளையின் காலுக்கேற்ப இருக்க வேண்டும்: பூட்ஸின் அகலமான இடத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் கூடுதல். குறைந்தால் கால் சிக்கும். பெரியவர்களின் அங்கவடி என்றால் பிள்ளையின் கால் முழுவதும் உள்ளே போய்விடும். ஒரு பக்கம் ரப்பர் வளையம் போட்ட பாதுகாப்பு அங்கவடி இருக்கிறது, இழுத்தால் வளையம் கழன்று காலை விட்டுவிடும். அந்த வளையம் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். குதிரையின் பக்கம் திருப்பி மாட்டியிருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

உடற்கவசம் பற்றிப் பேச்செடுத்தால் பிள்ளைகள் “ஆமை ஓடு” என்று சிணுங்குவார்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 13158 இதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. தடை தாண்டப் பழகும் பிள்ளைக்கு மூன்றாம் நிலைதான். முன்னால் கடைசி விலா எலும்பையும் மூடி இறங்க வேண்டும். பின்னால் சேணத்தில் உட்காரும்போது விளிம்பு சேணத்தில் இடித்து மேலே தள்ளக் கூடாது. நின்றபடி போட்டுப் பார்த்து வாங்கி வந்தவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள். கடையில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டாவது உட்காரச் சொல்லுங்கள். காற்றுப்பை உடுப்புகளும் வந்துவிட்டன. சேணத்தோடு கட்டிய கயிறு விழும்போது இழுபட்டதும் ஊதிக்கொள்ளும். எடை மிகக் குறைந்த பிள்ளை விழும்போது கயிறு போதிய வேகத்தில் இழுபடாமல் போகலாம், ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச எடையைப் பாருங்கள். கயிற்றைக் கழற்ற மறந்து இறங்கி, ‘டப்’பென்று ஊதி, குதிரையையும் தன்னையும் திடுக்கிட வைத்த ஒரு மாணவன் எனக்கு உண்டு. எல்லாரும் சிரித்தோம், குதிரையைத் தவிர.

கவசம் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். 1995 மே மாதம் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் தடைதாண்டும்போது விழுந்தார். தலைக்கவசம், உடற்கவசம் இரண்டும் அணிந்திருந்தார். கழுத்தின் மேல் முள்ளெலும்புகள் முறிந்து உடல் செயலிழந்தது. ஆனால் மூளை தப்பியது.

மறுபக்கக் கதையும் உண்டு. கோர்ட்னி கிங்-டை, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்ற டிரஸ்ஸாஜ் வீராங்கனை. டிரஸ்ஸாஜ் என்பது தடை தாண்டாமல், குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக்காட்டும் போட்டி. 2010 மார்ச்சில், தடை தாண்டல் எதுவுமில்லாத வழக்கமான பயிற்சியில், குதிரை தன் காலிலேயே இடறி விழுந்தது. அன்று அவர் தலையில் கவசம் இல்லை. பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். குதிரைமேல் ஒலிம்பிக் தரத்தில் உட்காரும் திறன் அவரைக் காப்பாற்றவில்லை. “என் பிள்ளை நன்றாக ஓட்டுவான்” என்பவர்களுக்கு நான் இதைச் சொல்வது வழக்கம். டிரஸ்ஸாஜ் போட்டியில் அப்போதெல்லாம் உயரமான பட்டுத் தொப்பிதான் ‘முறையான’ உடை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் வீராங்கனை சார்லட் டுஜார்டின் தலைக்கவசத்தோடு ஆடித் தங்கம் வென்றார். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 தொடக்கத்திலிருந்து தொப்பியை விலக்கிக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. மரபு போய்விட்டதே என்று புலம்பியவர்கள் இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை, சிரிப்புத்தான் வருகிறது. குதிரையேற்ற உடையின் மரபே பயன்பாட்டிலிருந்து பிறந்ததுதானே? கழுத்தில் சுற்றும் அந்த வெள்ளைத் துணி, அடிபட்டால் கட்டுப்போட உதவும். அதில் குத்தும் ஊசியைக் குறுக்காகக் குத்தச் சொல்வது, விழும்போது தொண்டையில் ஏறாமலிருக்க. ஜோத்பூர் கால்சட்டையின் உள்தொடையில் தையல் இல்லாதது தோல் உரியாமலிருக்க. ஜீன்ஸ் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிய பிள்ளையிடம் மறுநாள் கேட்டுப் பாருங்கள்.

சின்ன விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூந்தலை உச்சியில் கட்டாமல் கழுத்தோரம் தாழக் கட்டுங்கள். உச்சிக் கொண்டை கவசத்தைத் தூக்கிவிடும். தொங்கட்டான், மோதிரம், வளையல் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பொத்தான் போடாமல் படபடக்கும் மேலாடை குதிரையை மிரட்டும். தொப்பிக் கயிறு தொங்கும் சட்டை வேண்டாம். மழையிலும் வியர்வையிலும் லகான் வழுக்கும் என்பதால் கையுறை. குதிரையைப் பிடித்து நடத்தும்போதும் அதைக் கழற்றாதீர்கள். கயிறு உள்ளங்கையைச் சுட்டதன் தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

நாளை ஒரு புதிய பையன் வருகிறான், ஏழு வயது. அக்காவின் பழைய தலைக்கவசம் நன்றாகத்தான் இருக்கிறது, அதையே கொண்டுவரலாமா என்று அவன் அம்மா கேட்டிருந்தார். அக்கா அதைப் போட்டுக்கொண்டு விழுந்திருக்கிறாளா, வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று திருப்பிக் கேட்டு எழுதினேன். மாலையிலிருந்து பதில் இல்லை. என்னிடமுள்ள சிறிய அளவுக் கவசங்கள் நான்கையும் எடுத்து, துடைத்து வைத்திருக்கிறேன்.