ரூம்மேட்டைக் குலுக்கலுக்கு விடுங்கள்

அட்மிஷன் சீசன் வந்தால் டெல்லியில் இருக்கிற தமிழர்களுக்கு ஊரிலிருந்து போன் வரும். "தம்பிக்கு டெல்லி யுனிவர்சிட்டில சீட் கெடச்சிருக்குண்ணே. ஹாஸ்டல்ல நம்ம பசங்க கூடவே ரூம் போடச் சொல்ல முடியுமா? சைவம் சாப்பிடுற பையனா இருந்தா இன்னும் நல்லது." சாப்பாட்டுக் கவலை மட்டும்தான் அது என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

முதலில் ஹாஸ்டல் கிடைக்கணுமே! டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள் பலவற்றில் ஹாஸ்டலே கிடையாது. இருக்கிற சில சீட்டும் பெரும்பாலும் மார்க் வரிசைப்படி போய்விடும். மற்றவர்களுக்குக் கமலா நகர், விஜய் நகர் பக்கம் பிஜிதான், அதாவது காசு கட்டித் தங்கும் தனியார் அறை. மார்க் பார்த்துத்தானே அட்மிஷன் கொடுத்தீர்கள், ஹாஸ்டலுக்கும் எதற்கு அதே மார்க்? வீடு எவ்வளவு தூரம், வருமானம் எவ்வளவு என்று பார்த்து சீட் கொடுங்கள். அறையைக் குலுக்கலில் கொடுங்கள்.

ஹார்வர்டில் ஒரு காலத்தில் மாணவர்கள் விரும்பிய விடுதியைக் கேட்டு வாங்கினார்கள். விளையாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், கலை ஆர்வலர்கள் இன்னொரு பக்கம் என்று ஒதுங்கிப் போனதுதான் மிச்சம். 1996ல் குலுக்கலுக்கு மாறினார்கள். நண்பர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து போக மட்டும் வழி வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? டெல்லி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொன்னபோது என்ன ஆனது என்று பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார். அவர்களோடு படித்த வசதியான பிள்ளைகளிடம் தாராள மனசு கூடியிருந்தது. ரிலே ஓட்டத்துக்கு டீம் சேர்க்கும்போது ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவதும் குறைந்திருந்தது.

எனக்குத் தெரிந்த தென்காசிப் பையனுக்கு ரூம்மேட் பீகார்க்காரன். காலையில் எவர்சில்வர் டம்ளரில் அவர்கள் ஊர் 'சத்து' (வறுத்த கடலை மாவு), பச்சை வெங்காயம், எலுமிச்சை, உப்பு போட்டுக் கலக்கி இவனுக்கும் ஒரு டம்ளர் நீட்டுவான். வீட்டிலிருந்து வரும் பருப்புப்பொடியைப் பாதி காலி செய்வதும் அவன்தான். நம்மாளு இப்போது ஆட்டோக்காரரிடம் இந்தியிலேயே பேரம் பேசுகிறான்.

எல்லாருக்கும் இப்படி அமையாது, ஒத்துக்கொள்கிறேன். இந்தி தெரியாத பிள்ளைக்கு முதல் மாதம் நரகம். அதனால் அதே மாடியில் தமிழ் பேசுகிற ஒருத்தராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஒரு செமஸ்டர் கழித்து அறை மாற்றமும் கேட்கலாம். சாதி, மாநிலம், சாப்பாடு என்று காரணம் எழுதினால் மனுவைத் திருப்பி அனுப்பணும். குறட்டை என்று எழுதினால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிடுங்கள், பாவம்.